ஒன்ராறியோ பிளேஸ் ஏரிக்கரை யாருக்கு?

ரொறன்ரோ நகர மையத்துக்கு மேற்கே, கண்காட்சித் திடலுக்கு எதிரே, ஒன்ராறியோ ஏரிக்குள் மண் கொட்டி எழுப்பப்பட்ட தீவுகளில் அமைந்தது ஒன்ராறியோ பிளேஸ். 1971 மே மாதம் மாகாண அரசினால் திறந்து வைக்கப்பட்ட இவ்விடம், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவர் பலருக்கு முதற் கோடைகால நினைவாக இருக்கக்கூடும். உலகின் முதலாவது நிரந்தர ஐமாக்ஸ் திரையரங்கான சினிஸ்பியரின் வெண்ணிறக் கோளத்தின் முன்னால் நின்று எடுத்து ஊருக்கு அனுப்பிய புகைப்படங்கள் இன்னும் சில வீடுகளின் அலுமாரிகளில் உள்ளன. நீர்ச்சறுக்குகளும் சிறுவர் கிராமமும் இராட்டினங்களும் இருந்த அந்த மகிழ்பூங்கா, வருவோர் தொகை குறைந்துவிட்டதென்றும் செலவு தாங்கவில்லையென்றும் கூறி 2012-ல் மூடப்பட்டது.

அதே இடத்தின் மேற்குத் தீவில் இப்போது ஓர் உல்லாச நிலையம் எழவுள்ளது. ஒஸ்திரிய நாட்டைத் தலைமையகமாகக் கொண்ட தேர்ம் என்னும் நிறுவனம், கண்ணாடிக் கூரையின் கீழே வெந்நீர்த் தடாகங்களும் நீர்ச்சறுக்குகளும் கொண்ட பெரும் நீராட்டு நிலையமொன்றை அங்கே அமைக்கும் என 2021 ஜூலையில் மாகாண அரசு அறிவித்தது. அந்நிலையத்தைச் சுற்றிப் பொதுமக்களுக்கான பூங்காவும் புதிய ஏரிக் கடற்கரையும் அமைத்துத் தரப்படும் என்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. இத்திட்டத்தைப் பற்றிய வாதங்களில் மரங்களும் பணமும் நிறையப் பேசப்பட்டுவிட்டன. அந்தக் கடற்கரை பற்றியோ மிகக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. எம் போன்ற குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது அதுவொன்றுதான் என்பதால், இக்கட்டுரை அதைப் பற்றியே பேசுகிறது.

(ஏரிக்குக் கடற்கரையா என்று மொழி ஆர்வலர் வினவலாம். மறுகரை தெரியாத நீரின் முன்னே நின்று பழகிய எம் மக்கள் இதைக் கடற்கரை என்றே அழைக்கின்றனர். அவ்வழக்கை இக்கட்டுரையும் ஏற்றுக்கொள்கிறது.)

முதலில், நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2023 டிசம்பரில் மாகாண சபை நிறைவேற்றிய ஒன்ராறியோ பிளேஸ் மீள்கட்டுமானச் சட்டம், இத்திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்தும் மரபுரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்களித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர், கார்டினர் நெடுஞ்சாலையின் பராமரிப்புச் செலவை மாகாணம் பொறுப்பேற்பது உள்ளிட்ட உடன்பாட்டில் மாநகரமும் தன் எதிர்ப்பைத் தளர்த்தியிருந்தது. 2024 ஒக்டோபர் முற்பகுதியில் ஒரே இரவில் தொடங்கி மேற்குத் தீவின் 800-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. மறுநாளே குத்தகை ஒப்பந்தம் வெளியிடப்பட்டது. 75 ஆண்டுகள், அதன்மேல் 20 ஆண்டு நீடிப்பு, ஆக மொத்தம் 95 ஆண்டுகள். அவ்வாண்டு டிசம்பரில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்ட அறிக்கை, பங்காளர்களைத் தெரிவு செய்த முறை நீதியானதாகவோ வெளிப்படையானதாகவோ பொறுப்புக்கூறத்தக்கதாகவோ இருக்கவில்லை எனக் கண்டித்தது. ஒன்ராறியோ பிளேஸ் முழுவதற்குமான அரச செலவு 220 கோடி டொலரைத் தாண்டும் என்ற மதிப்பீடும் அதில் இடம்பெற்றது.

இவை நடந்து முடிந்தவை. மரங்களை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. குத்தகை கைச்சாத்தாகிவிட்டது. எனவே "எதிர்ப்பதா, ஆதரிப்பதா" என்ற பழைய கேள்வியில் தங்கி நிற்பதால் பயனில்லை. ஆனால் கடற்கரை இன்னும் மக்கள் கையில் வந்து சேரவில்லை. அது எப்படிப்பட்ட கடற்கரையாக இருக்கும், அதன் நீர் எப்படி இருக்கும், அங்கே யார் எவ்வளவு நேரம் எந்த நிபந்தனையின்றி உட்காரலாம் என்பவற்றில் பொதுமக்களின் குரலுக்கு இன்னும் இடமுண்டு.

கடற்கரையைச் "சீரமைத்தல்" என்றவுடன் திட்ட வரைபடங்கள் எமக்குக் காட்டுவது மணலையும் குடைகளையும் மரப்பலகை நடைபாதையையும்தான். வரைபடத்தில் நீர் எப்போதும் நீலமாகவே இருக்கும். உண்மையில் ரொறன்ரோவின் மேற்குக் கரையில் குறைபாடு மணலில் இல்லை, நீரில் உள்ளது.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எமது பெற்றோர் பலர் "இந்த ஏரி அழுக்கு" என்ற ஒரே வாக்கியத்தோடு விடயத்தை முடித்துவிடுகின்றனர். ஏரி முழுவதும் அழுக்கன்று. ஒன்ராறியோ ஏரி 244 மீற்றர் வரை ஆழமுடையது. எமது வீட்டுக் குழாய்களில் வரும் குடிநீரும், கரையிலிருந்து விலகி ஆழத்தில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படும் இதே ஏரியின் நீர்தான். சிக்கல் கரையோரத்தில் உள்ளது. ரொறன்ரோவின் பழைய பகுதிகளில், வீட்டுக் கழிவறையிலிருந்து வரும் நீரும் தெருவில் பெய்யும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. வெயில் நாட்களில் அவையனைத்தும் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றன. பெருமழை பெய்தால் அக்குழாய் கொள்ளாது. கொள்ளாத நீர் வீடுகளின் நிலவறைக்குள் திரும்பிப் பாயாதிருக்கும் பொருட்டு, கரையோர வாய்கள் வழியே ஏரிக்குள் திறந்துவிடப்படுகிறது. மழையோடு கலந்த கழிவுநீர் என்று நாகரிகமாகச் சொல்கிறோம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

2024 ஜூலை 16 அன்று பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. நிலக்கீழ் வீடுகளில் வாடகைக்கு இருந்த எம்மவர் பலருக்கு அந்நாள் நன்றாக நினைவிருக்கும். 2013 ஜூலை 8-ல் அதைவிடக் கூடிய மழை, 126 மில்லிமீற்றர். இத்தகைய நாட்கள் இனி அரிதாக இருக்கப் போவதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் வெயில் எறிக்கும். பிள்ளைகள் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கரையோர நீர் மிகவும் கெட்டிருப்பது அந்த மறுநாளிலும் அதற்கடுத்த நாளிலும்தான்.

அத்தகைய கழிவுநீர் வாய் ஒன்று ஒன்ராறியோ பிளேஸ் மேற்குத் தீவின் அருகிலேயே உள்ளது. புதிய கடற்கரை அமையவுள்ள பகுதிக்கு அது மிகச் சமீபம் என்பதால் அதை இடம் மாற்றும் திட்டம் வெளிவந்தபோது, பக்கத்து நீர்வழியில் படகு வலிப்போரும் நீந்துவோரும் கவலை எழுப்பினர். அவர்களது கேள்வி நியாயமானது. விருந்தினர் நடமாடும் பக்கத்திலிருந்து எடுத்து, மற்றவர் பயிற்சி செய்யும் பக்கத்தில் வைத்துவிட்டால், அதற்குச் சீரமைப்பு என்று பெயரிட முடியுமா? வீட்டு முற்றத்தைக் கூட்டிக் குப்பையை அயலவரின் வேலியோரம் தள்ளுவதை எமது ஊரில் எவரும் துப்புரவு என்று சொன்னதில்லை.

செய்யக்கூடியது இல்லாமலும் இல்லை. மாநகரம் 2003-ல் மழைநீர் முகாமைத்துவத்துக்கான நீண்டகாலத் திட்டமொன்றை வகுத்தது. கிழக்குக் கடற்கரைகளில் பெருமழை நீரைத் தேக்கிவைத்துப் பின்னர் சுத்திகரிப்புக்கு அனுப்பும் நிலக்கீழ்த் தாங்கிகள் தொண்ணூறுகளிலேயே அமைந்துவிட்டன. மேற்குக் கரையில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஒன்று அதே வேலையைச் செய்கிறது. டொன் ஆற்றையும் நகர மையக் கரையையும் காக்க 22 கிலோமீற்றர் நீளச் சுரங்கத் தொகுதி 300 கோடி டொலர் செலவில் 2018-ல் தொடங்கப்பட்டது. மண்ணுக்கு அடியில் நடக்கும் வேலை என்பதால் எவரும் நாடா வெட்டிப் படம் பிடித்துக்கொள்வதில்லை. ஆயினும் ரொறன்ரோவின் கடற்கரைகளுக்கு இதுவரை செய்யப்பட்டவற்றுள் மிகப் பெரிய நன்மை இத்தாங்கிகளும் சுரங்கங்களுமே என்பது எமது கருத்து. 2005-ல் கனடாவிலேயே முதன்முறையாக நீலக்கொடித் தரச்சான்று பெற்ற கடற்கரைகள் ரொறன்ரோவின் கடற்கரைகள்தாம். அவற்றுள் வூட்பைன் கிழக்குக் கரையில் உள்ளது.

ஸ்காபரோவாழ் பெற்றோருக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. புளஃபர்ஸ் பூங்காக் கடற்கரை ஒரு காலத்தில் மாநகரின் மிக மோசமான நீர்த்தரம் கொண்ட கரைகளுள் ஒன்றாக இருந்தது. அங்கே நீர் ஏன் கெடுகிறது என்பதை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, தொலைவிலுள்ள ஆற்றைக் காட்டிலும் கரைக்குப் பின்னாலிருந்த சதுப்பிலிருந்தும் வாகனத் தரிப்பிடத்திலிருந்தும் வடிந்து வந்த நீரும், கடற்காகங்களின் எச்சமுமே காரணம் என்பது தெரியவந்தது. அந்நீரைத் திசைதிருப்பி வடிகட்டும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 2011-ல் அக்கடற்கரை நீலக்கொடி பெற்றது. மேலதிகக் குடை ஒன்றும் நடப்படவில்லை. நீர் வரும் வழி மாற்றப்பட்டது, அவ்வளவுதான். இன்று கோடை ஞாயிறுகளில் அங்கே போய் நின்றால் தமிழ் காதில் விழாத இடமில்லை.

இதற்கு எதிரான உதாரணம் ஒன்ராறியோ பிளேஸுக்கு மேற்கே, சற்றுத் தொலைவில் உள்ளது. சன்னிசைட் கடற்கரையில் 1922-ல் ஒரு மகிழ்பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அழகிய நீராடு மண்டபமும் எழுந்தது. ஏரி நீர் குளிர்கிறது என்று மக்கள் முறையிட்டதனால் 1925-ல் மண்டபத்தின் அருகே பெரிய நீச்சற் குளம் கட்டப்பட்டது. 1955-ல் மகிழ்பூங்கா மூடப்பட்டு இடிக்கப்பட்டு, அங்கே கார்டினர் நெடுஞ்சாலை வந்தது. மண்டபமும் குளமும் கடற்கரையும் எஞ்சின. ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில், அலைதடுப்புச் சுவரின் உள்ளே நீர் தேங்கும் இடத்தில் அக்கடற்கரை இருப்பதால், மழைக்குப் பின் அங்கே நீந்த வேண்டாம் என்ற அறிவித்தல் அடிக்கடி வருகிறது. பூங்கா இருந்தபோதும் அது போன பின்பும் கரையின் அழகுக்குக் குறைவில்லை. நூறு ஆண்டுகளாக அழகிய கரை அது. அருகே குளத்தைக் கட்டிவிட்டால் ஏரியை மறந்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் முதலில் வந்தது போலும்.

ஒன்ராறியோ பிளேஸின் நிலையும் இதை ஒத்ததாகிவிடும் அபாயம் உண்டு. உல்லாச நிலையத்துக்கு உள்ளே கட்டணம் செலுத்தியவருக்குச் சுத்தமான வெந்நீர். வெளியே கட்டணமின்றி வருபவருக்கு "இன்று நீந்த வேண்டாம்" என்ற பலகை. இதை எவரும் வேண்டுமென்று திட்டமிட மாட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் நீருக்குப் பொறுப்பாளர் உண்டு, வெளியே இருக்கும் நீருக்கு மாகாணமா, மாநகரமா, குத்தகைக்காரரா பொறுப்பு என்பது மங்கலாக விடப்பட்டால், அதுவே தானாக நிகழும்.

மாநகரின் கண்காணிப்புக்கு உட்பட்ட கடற்கரைகளில் ஜூன் தொடக்கம் செப்டெம்பர் முற்பகுதி வரை நாள்தோறும் நீர் சோதிக்கப்படுகிறது. 100 மில்லிலீற்றர் நீரில் ஈ-கோலி நுண்ணுயிரின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை விடுக்கப்படும். மாகாணம் 2018-ல் இவ்வெல்லையை 200 ஆக உயர்த்தியது. ரொறன்ரோ தன் கடுமையான எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்ராறியோ பிளேஸ் மாகாணத்துக்குச் சொந்தமான நிலம். அங்கே வரும் கடற்கரைக்கு 100 என்ற எல்லையா, 200 என்ற எல்லையா? இது இலக்கத் தகராறு போலத் தோன்றலாம். எச்சரிக்கைப் பலகை எந்த நாளில் ஏற்றப்படும், எந்த நாளில் இறக்கப்படும், ஐந்து வயதுக் குழந்தை எந்த நாளில் அந்நீரைக் குடித்துத் தொலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இலக்கமே. மாநகரின் எல்லையே அங்கும் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றும், நாளாந்த முடிவுகள் ஏனைய கடற்கரைகளின் முடிவுகளோடு ஒரே இடத்தில் வெளியிடப்பட வேண்டும் என்றும் நாம் கோர வேண்டும்.

இனி, கரைக்கு வருவோம்.

மாகாண அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒன்பது, பத்து ஆண்டுகள் அந்தத் தீவுகளின் பெரும்பகுதி கம்பி வேலிக்குப் பின்னே பாழடைந்து கிடந்தது. 2017-ல் கிழக்குப் பக்கத்தில் திறக்கப்பட்ட டிரில்லியம் பூங்கா தவிர அரசு தானாகச் செய்தது சிறிது. தனியார் முதலீடு வந்தால் ஒளிவிளக்கும் கழிப்பறையும் காவலும் வரும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும் அந்தப் பாழடைந்த காலத்தில்கூட மேற்குத் தீவின் கூழாங்கற் கரையை மக்கள் தாமாகவே கண்டுபிடித்திருந்தனர். குளிர்காலத்திலும் அங்கே இறங்கி நீந்துவோர் இருந்தனர். எவரும் அவர்களிடம் நுழைவுச்சீட்டுக் கேட்கவில்லை. புதிய கடற்கரை அதைவிட மேலானதாக இருக்கப்போகிறதென்றால், அந்தச் சுதந்திரத்தையும் சேர்த்தே தர வேண்டும்.

இங்கே எமது குடும்பங்களின் நிலையை வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. இந்நாட்டில் வசதியுள்ளவர் கோடையில் முஸ்கோக்காவில் ஏரிக்கரை வீட்டுக்குச் செல்கின்றனர். எம்மவருள்ளும் அவ்வசதி பெற்றவர் உளர், பெருமையே. ஆனால் அடுக்குமாடியில் ஆறு பேராக வாழும் குடும்பத்துக்கு, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் தந்தைக்கு, பொதுக் கடற்கரையை விட்டால் ஏரி இல்லை. அக்குடும்பம் எப்படி வரும் என்பதை நாம் அறிவோம். அப்பம்மா, அம்மம்மா, மூன்று பிள்ளைகள், மடிப்புக் கதிரை, பாய், புளிச்சாதம், கோழிக்கறி, பிளாஸ்க்கில் தேநீர். உல்லாச நிலையங்களின் ஓரத்தில் அமையும் "பொது" இடங்கள் உலகின் பல பாகங்களில் இத்தகைய குடும்பத்தைத்தான் முதலில் ஒதுக்குகின்றன. வாசலில் எவரும் மறிப்பதில்லை. வெளியுணவு கூடாதென்ற சிறு பலகை, நிழலுள்ள இடமெல்லாம் வாடகைக் கதிரை, வாகனத் தரிப்பிடக் கட்டணம் நாற்பது டொலர் என்றால் போதும். அடுத்த ஆண்டு அக்குடும்பம் தானாகவே வராது.

ஆகவே, "பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தோடு நாம் திருப்திப்படலாகாது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? தனியார் விழாக்களுக்காக எத்தனை நாட்கள் மூடப்படலாம்? வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரலாமா? நிழல் மரங்களின் கீழிருக்கும் வாங்குகள் எவருக்கு? சக்கர நாற்காலியில் வரும் முதியவர் நீரின் விளிம்புவரை செல்ல மணலின் மேல் விரிப்புப் பாதை உண்டா? உடை மாற்றவும் கால் கழுவவும் இடமுண்டா? 95 ஆண்டுக் குத்தகையின் காலத்தில் நிறுவனங்கள் கைமாறும், அரசுகள் பல மாறும். இன்று எழுத்தில் இல்லாத உரிமையை எமது கொள்ளுப்பேரர் எவரிடம் போய்க் கேட்பர்?

போக்குவரத்தையும் இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டப்படும் ஒன்ராறியோ ரயில் பாதை, டொன் மில்ஸிலிருந்து பிளெமிங்டன் பார்க், தோர்ன்கிளிஃப் பார்க் ஊடாக 15.6 கிலோமீற்றர் ஓடிக் கண்காட்சித் திடலில் முடிவடையும். வாகனமற்ற குடியேற்றவாசிகள் செறிந்து வாழும் பகுதிகளை நேரே ஏரியோடு இணைக்கும் பாதை அது. அந்த நிலையத்திலிருந்து மணல்வரை, திடலையும் ஏரிக்கரை வீதியையும் கடந்து, ஒரு பாட்டியும் தள்ளுவண்டிக் குழந்தையும் போய்ச்சேர என்ன வழி? வாகனத் தரிப்பிடத்துக்குச் செலவிடத் தயங்காத அரசு, அந்தச் சில நூறு மீற்றர் நிழல் நடைபாதைக்கும் உட்புறச் சிறு பேருந்துக்கும் செலவிடத் தயங்கலாகாது. பிளெமிங்டன் பார்க் மக்களிடமிருந்து ஒன்ராறியோ விஞ்ஞான நிலையம் 2024 ஜூனில் பறிக்கப்பட்டு, இதே ஒன்ராறியோ பிளேஸுக்கு மாற்றப்படவிருப்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அவர்களுக்குக் கடன்பட்டுள்ள இடம் இது.

மற்றொரு விடயம் பெற்றோருக்கு மட்டும். கடலால் சூழப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். 1954-ல் தொண்டைமானாற்றின் மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதே 1954-ல் பதினாறு வயது மரிலின் பெல் ஒன்ராறியோ ஏரியை நீந்திக் கடந்து, ஒன்ராறியோ பிளேஸ் இன்று இருக்கும் கரையின் அருகிலேயே ஏறினார். ஒன்ராறியோ பிளேஸ் திறக்கப்பட்ட 1971-ல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்தினார். அத்தகைய மரபிலிருந்து வந்த எமது பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இங்கே ஐம்பது மீற்றர் நீந்தத் தெரியும்? "தண்ணிக்க இறங்காத பிள்ளை, உடுப்பு நனையும்" என்று கரையிலிருந்து குரல் கொடுப்பதோடு பல தாய்மாரின் நீச்சற் பாடம் முடிந்துவிடுகிறது.

இந்த ஏரி எமது ஊர்க் கடலைப் போன்றதன்று. வற்றுப்பெருக்கு இல்லை, உப்பு இல்லை. உப்பின்மையால் உடல் சற்றுக் குறைவாகவே மிதக்கும். காற்றுத் திசை மாறினால் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, நேற்று இளஞ்சூடாக இருந்த கரை இன்று உறையவைக்கும். அலைதடுப்புச் சுவர்களின் ஓரத்தில் நீரோட்டம் இழுக்கும். ஒன்ராறியோ பிளேஸ் முழுவதும் செயற்கைத் தீவு. அதன் படகுத் துறையின் அலைதடுப்பே மூழ்கடிக்கப்பட்ட மூன்று பழைய கப்பல்களால் ஆனது. இயற்கையாகச் சரிந்து செல்லும் கரையை அங்கே எதிர்பார்க்க இயலாது. ஆகவே கோடை முழுவதும் உயிர்காப்பாளர் பணியில் இருப்பதும், எச்சரிக்கைகள் பல மொழிகளில், தமிழிலும், எழுதப்பட்டிருப்பதும் சீரமைப்பின் பகுதியே. உயிர்காப்புச் சங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்தும் உயிர்பிழைப்பு நீச்சற் பயிற்சி, நீருக்குள் உருண்டு விழுந்து மேலெழவும், ஒரு நிமிடம் மிதக்கவும், 50 மீற்றர் நகரவும் கற்பிக்கிறது. பாடசாலையிலிருந்து அதற்கான அனுமதிப் படிவம் வரும்போது "சளி பிடிக்கும்" என்று ஒதுக்காமல் கையொப்பமிடுங்கள். மாநகரின் வெளிப்புற நீச்சற் குளங்களில் பொது நீச்சலுக்குக் கட்டணமில்லை என்பதையும் அறியாதோர் இன்னும் பலருளர்.

இளையோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்காபரோவில் மார்க்கம் வீதியில் தெருவிழா என்றால் பல்லாயிரமாய்த் திரள்கிறோம். மாநகரமோ மாகாணமோ நடத்தும் பொதுக் கலந்தாய்வு என்றால் எமது முகங்களை விரல்விட்டு எண்ணலாம். பின்வரிசையில் இரண்டு பேர், அவர்களும் ஒலிவாங்கிக்கு முன் வருவதில்லை. மொழி ஒரு தடையாக உங்கள் பெற்றோருக்கு இருந்திருக்கலாம், உங்களுக்கு இல்லை. குத்தகை ஒப்பந்தமும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் எவரும் பார்க்கக்கூடியவை. அவற்றில் கடற்கரை, பொது அணுகல், கழிவுநீர் என்ற சொற்கள் வரும் பக்கங்களை மட்டும் எடுத்து வாசித்து, இராச் சாப்பாட்டு மேசையில் பெற்றோருக்குத் தமிழில் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடை ஒன்றுகூடலுக்காகப் பூங்காக்களை ஆண்டுதோறும் பதிவு செய்கின்றன. அவற்றின் நிர்வாகங்கள் இவ்விடயத்தில் ஒரு கடிதம் எழுதினால், அது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கடிதமாக எடைபோடப்படும்.

2025 பெப்ரவரித் தேர்தலில் மாகாண சபைக்கு ஆளுங்கட்சி வரிசையில் தமிழரும் தெரிவாகினர். எமது மரபுத் திங்களுக்கு வாழ்த்துச் செய்தி வேண்டி அவர்களிடம் செல்லும் அமைப்புகள், இம்முறை இதையும் எடுத்துச் செல்லட்டும். கட்சி பேதம் இதில் தேவையற்றது. எதிர்க்கட்சியினரிடமும் அதே கேள்விகள் கேட்கப்பட வேண்டியவை. அதே 2025-ல், 14 கிலோமீற்றர் நீளமான வசாகா கடற்கரையின் ஒரு பகுதியை மாகாணப் பூங்காவிலிருந்து பிரித்து நகரசபையிடம் கையளிக்கும் எண்ணத்தை அரசு வெளியிட்டது என்பதைக் கவனியுங்கள். எமது குடும்பங்கள் கோடையில் மிகுதியாகச் செல்லும் கரைகளுள் அதுவும் ஒன்று.

அடுத்த கோடையில் ஒரு சிறு வேலையைச் செய்து பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், மாநகரம் வெளியிடும் நீர்த்தர முடிவுகளில் சன்னிசைட்டின் இலக்கத்தையும் புளஃபர்ஸ் பூங்காவின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மழைகளுக்கு இப்படிக் குறித்தால் போதும். அந்த எட்டு நாட்களின் இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் தொகுதியின் மாகாண சபை உறுப்பினருக்கு அனுப்புங்கள். கீழே இரண்டே கேள்விகள்: ஒன்ராறியோ பிளேஸ் கடற்கரையின் நீரை நாள்தோறும் சோதித்து வெளியிடப் போவது யார்? மேற்குத் தீவின் கழிவுநீர் வாயிலிருந்து வரும் நீர், ஏரியில் எவருடைய பக்கத்திலும் விழாமல், சுத்திகரிப்புக்குப் போகும் நாள் எது? பதிலுக்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்து, உங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் மறவாமல் இடுங்கள். தொகுதிவாசியின் கடிதத்துக்கே அலுவலகங்கள் முன்னுரிமை அளிக்கின்றன.